மொத்தப் படியா, பில் கணக்கா? வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் வழி சொல்லுங்கள்

வைகைக்கரை, மதுரை

எல்லோருக்கும் வணக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இருக்கும் அனலைசர் கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. வீடு மதுரையில். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, நாகர்கோவில், மார்த்தாண்டம், சிவகாசி எல்லாம் என் பொறுப்பில் இருக்கின்றன. மாதத்தில் 12, 13 இரவுகள் வெளியூரில்தான் கழிகின்றன.

எங்கள் நிறுவனம் வெளியூரில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் 1,500 ரூபாய் மொத்தமாகத் தருகிறது. அறை வாடகை, சாப்பாடு இரண்டும் அதற்குள். பில் கேட்பதில்லை. 500, 550 ரூபாய் அறையில் தங்கி, சாப்பாட்டை 300 ரூபாயில் முடித்துக்கொண்டால் 650 ரூபாய் மிஞ்சும். மாதக் கடைசியில் ஏறக்குறைய 8,000 ரூபாய். என் தங்கையின் நர்சிங் படிப்புக் கட்டணம் இரண்டு வருடமாக அதிலிருந்துதான் போகிறது.

போன மாதம் நாகர்கோவிலில் வடசேரி பஸ் நிலையத்துக்கு எதிரே 450 ரூபாய்க்கு ஓர் அறை எடுத்தேன். போய்ச் சேரும்போது இரவு பத்தரை மணி. மெத்தையின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. எந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் சிறிது நேரத்தில் அந்தப் பள்ளத்துக்கே வந்துவிடுவேன். ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்து, பழைய காலண்டர் அட்டையை வைத்து அடைத்திருந்தார்கள். அட்டையின் ஓரத்தில் இருந்த இடுக்கு வழியாகக் கொசுக்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு வழியாகக் கண் அயர்ந்த நேரத்தில், கீழே "திருநெல்வேலி எண்ட் டு எண்ட்" என்று கூவத் தொடங்கிவிட்டார்கள். மணி நான்கு. அதன் பிறகு தூங்கவில்லை.

காலையில் மார்த்தாண்டத்தில் ஓர் ஆய்வகத்தில் மாதிரி உறிஞ்சும் ஊசியை மாற்ற வேண்டும். பல தடவை செய்த வேலைதான். புது ஊசியைப் பொருத்திய பிறகு, அது தட்டில் இருக்கும் குழிக்கு நேராக இறங்குகிறதா என்று கையால் ஒரு முறை இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் கருவியை ஓட விட வேண்டும். அன்று நான் அதைப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினேன். ஊசி தட்டின் விளிம்பில் இடித்து வளைந்துவிட்டது. "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். வேறு ஊசி மதுரையிலிருந்து பார்சலில் வர மறுநாள் மதியம் ஆனது. வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம், மாதிரியை நாகர்கோவிலுக்கு அனுப்புகிறோம், முடிவு நாளைக்குத்தான் கிடைக்கும் என்று சொன்னார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துணிப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்து போனார். அது எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது.

இப்போது அலுவலகத்தில் ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார்கள். ஜனவரி முதல் விருப்பமுள்ளவர்கள் பில் கணக்குக்கு மாறலாம். அறைக்கு 1,400 ரூபாய் வரை, சாப்பாட்டுக்கு 400 ரூபாய் வரை, இரண்டுக்கும் பில் வேண்டும். மாறினால் நல்ல அறையில் தூங்கலாம், ஆனால் அந்த 8,000 ரூபாய் நின்றுவிடும். மாறாவிட்டால் பழையபடி பள்ளம் விழுந்த மெத்தைதான். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இதில் அனுபவப்பட்டவர்கள் என்ன செய்தீர்கள்? குறைந்த வாடகையில் தூங்கத் தகுந்த அறையைக் கண்டுபிடிக்கும் வழி ஏதாவது இருக்கிறதா?

கரிசல்காட்டான், கோவில்பட்டி

தம்பி, மாறிவிடுங்கள். 1998 முதல் மோட்டார் பம்ப் உதிரி பாகங்களை விற்க ஊர் ஊராகப் போய்வருகிறேன். அதில் முதல் பதினொரு வருடம் உங்களைப் போல மொத்தப் படிதான். அந்தப் பணத்தில் வீட்டுக்கு இரண்டு அறை கட்டினேன். அது பொய்யில்லை. ஆனால் 38 வயதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாளையங்கோட்டையில் பிசியோதெரபிக்கு அலைந்ததும் பொய்யில்லை. தூத்துக்குடியில் ஒரே அறையில் நான்கு பேர் சேர்ந்து படுத்துத் தலைக்கு 90 ரூபாய் கொடுத்த நாட்கள் உண்டு. மறுநாள் கடைக்காரரிடம் விலைப்பட்டியலை வாசிக்கும்போது எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரியும்.

மொத்தப் படியில் என்ன நடக்கிறது என்றால், இரவு பத்து மணிக்கு, களைத்துப் போன ஒரு மனிதன், லாட்ஜ் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, தங்கையின் படிப்பா தன் முதுகா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மாதத்தில் பதின்மூன்று தடவை. குடும்பத்தின் மேல் பாசம் உள்ளவன் ஒவ்வொரு தடவையும் முதுகைத்தான் விட்டுக்கொடுப்பான். அந்த முடிவை உங்கள் தலையில் கட்டியதுதான் தவறு. உங்கள் மேல் தவறில்லை.

அந்த 8,000 ரூபாய் உண்மையில் உங்கள் சம்பளம் தம்பி. சம்பளம் போதாததால் அதைத் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறீர்கள். ஆகவே மாறுகிறேன் என்று எழுதும் அதே நாளில் சம்பள உயர்வையும் கேளுங்கள். வளைந்த ஊசியின் விலை என்ன, மறுநாளும் அங்கேயே தங்கிய செலவு என்ன, அதனால் தள்ளிப்போன வேலை எத்தனை என்று ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். இதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கும். ஆனாலும் கொடுங்கள். தூங்காதவன் வேலையில் வரும் நஷ்டத்தை முதலாளிகள் எங்கேயும் எழுதி வைப்பதில்லை, அதனால்தான் அது அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அறை பார்க்கும் விஷயம். வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். அறைக் கதவிலிருந்து வேலை செய்யும் இடத்தின் வாசல் வரை ஆகும் செலவைச் சேர்த்துப் பாருங்கள். நெல்லையில் உங்களுக்கு வேலை பெரும்பாலும் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் பக்கம்தான் இருக்கும். ஜங்ஷனில் 600 ரூபாய்க்குத் தங்கினால் போகவும் வரவும் ஆட்டோவுக்கு 300 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கும். கருவிப் பெட்டியோடு டவுன் பஸ்ஸில் ஏற முடியாது. பாளையங்கோட்டையிலேயே 900 ரூபாய்க்கு எடுத்தால் கணக்கு ஒன்றுதான், காலையில் முக்கால் மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்.

எந்த ஊரிலும் பஸ் நிலையத்தைப் பார்த்த அறை வேண்டாம். பின்பக்க அறை கேளுங்கள். மேல்மாடி அறை மாசி, பங்குனியிலிருந்தே அடுப்பாக இருக்கும். படிக்கட்டை ஒட்டிய அறை வேண்டாம். தண்ணீர் மோட்டார் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். மோட்டார் விற்கிறவன் என்பதால் சொல்கிறேன், அதிகாலை ஐந்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் மோட்டாரின் அதிர்வு கட்டிலின் கால் வழியாகவே தலைக்கு ஏறும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அறையைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே போனதும் விரிப்பை ஒரு முனையில் தூக்கி மெத்தையைப் பாருங்கள், உள்ளங்கையால் நடுவில் அழுத்திப் பாருங்கள். மின்விசிறியைச் சுழலவிட்டு எல்லா வேகமும் வருகிறதா என்று பாருங்கள். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேளுங்கள். சில லாட்ஜ்களில் ஆறிலிருந்து எட்டு வரைதான். இதற்கெல்லாம் இரண்டு நிமிடம்கூட ஆகாது. அறை காட்ட மறுக்கும் லாட்ஜில் தங்கவே வேண்டாம்.

இன்னொன்று, 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு இறங்கி 12 மணிக் கணக்குள்ள இடத்தில் அறை எடுத்தால் ஏழு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை. அதே விலைக்கு 24 மணி நேரம் தரும் இடம் நம் ஊர்ப் பக்கம் நிறையவே இருக்கிறது. ரயிலில் போகிறவர்களுக்குப் பெரிய ஸ்டேஷன்களில் ஓய்வறை உண்டு. உறுதியான டிக்கெட்டோ ஆர்.ஏ.சி. டிக்கெட்டோ இருந்தால், அந்த பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பதிவு செய்யலாம். நடைமேடை அறிவிப்புச் சத்தத்துக்குப் பழகியவர்களுக்கு மட்டும் அது சரிப்படும்.

ஒரே உச்சவரம்பை வருடம் முழுவதும் வைத்திருப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல், கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள். இரண்டு காலத்திலும் தென்காசியில் 1,000 ரூபாய் அறை 2,000 சொல்வார்கள். பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி, சூரசம்ஹாரத்துக்குத் திருச்செந்தூர், முகூர்த்த நாளுக்கு எல்லா ஊரும். அந்த நாட்களுக்குத் தனி அனுமதி உண்டு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நெய்தல் மகள், தூத்துக்குடி

கரிசல்காட்டான் ஐயா சொன்ன எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

நான் கிளைகளுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை செய்கிறேன். மாதத்தில் எட்டு இரவு வெளியூர். உங்களுக்கு 450 ரூபாய் அறை என்று ஒன்று இருக்கிறது தம்பி. பிடிக்காவிட்டாலும் உள்ளே போய்ப் படுக்கலாம். எனக்கு அந்த அறை கிடையவே கிடையாது. தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன இடங்கள் இருக்கின்றன. தந்த இடங்களில் ஒன்றில், இரவு பதினொன்றே கால் மணிக்கு அறையில் இருந்த போன் அடித்தது. "தனியாகத்தான் இருக்கிறீர்களா மேடம், ஏதாவது வேண்டுமா?" என்றது ஓர் ஆண் குரல். வேண்டாம் என்று வைத்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அடித்தது. போன் வயரைப் பிடுங்கிவிட்டு, மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, விளக்கை அணைக்காமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த அறைக்கு வாடகை 1,150. எங்கள் உச்சவரம்பு 1,200.

அதே ஊரில், கீழே சைவ உணவகமும், குடும்பத்தோடு வருகிறவர்கள் தங்கும் மாடியும் உள்ள ஓட்டல் 1,900 ரூபாய். நான்கு மாதம் மிச்சம் 700 ரூபாயை என் கையிலிருந்து கட்டினேன். பிறகு தேதி, ஊர், வாடகை, நான் போட்ட பணம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, அந்த இரவில் நடந்ததையும் எழுதி, மேலிடத்துக்கு அனுப்பினேன். உச்சவரம்பை உயர்த்தினார்கள். "பெண்களுக்கு மட்டும் உயர்த்தட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம், எல்லோருக்கும் உயர்த்துங்கள் என்றேன். பெண்ணை அனுப்பினால் செலவு அதிகம் என்று ஆகிவிட்டால், அடுத்த மாதமே பெண்களுக்கு வெளியூர் வேலை தருவது நின்றுவிடும். வெளியூர் போகாதவர்களுக்குப் பதவி உயர்வும் வராது.

தங்கும்போது நான் முதல் மாடியில், வரவேற்பு மேசையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் அறை கேட்பேன். கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் கட்டை ஒன்று எப்போதும் பையில் இருக்கும். பாத்திரக் கடையில் 60 ரூபாய்க்கு வாங்கியது. அறை எண்ணைச் சத்தமாகச் சொல்லிச் சாவி கொடுத்தால் வேறு அறை கேட்பேன். வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதி இருக்கும் ஊர்களுக்குப் போகிற பெண்கள் அங்கே குறுகிய நாட்களுக்கு இடம் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பை வசதி என்ற கணக்கில் எழுதாதீர்கள். இதை இங்கே படிக்கும் மேலாளர்களுக்கும் சொல்கிறேன்.

பேரேடு, ஈரோடு

நான் மறுபக்கத்தில் இருப்பவன். ஒரு நடுத்தர நிறுவனத்தில் கணக்குப் பிரிவு. டூர் பில்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

முதலில், மொத்தப் படியை நிறுவனங்கள் விரும்புவதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டுமல்ல. முப்பது பேர் மாதத்துக்குப் பத்து நாள் போனால், டீக்கடைச் சீட்டிலிருந்து பார்க்கிங் சீட்டு வரை ஆயிரக்கணக்கில் தாள்கள் வரும். பார்க்க ஆள் இல்லை. ஆகவே வைகைக்கரை, உங்கள் அலுவலகத்தில் ஒரு நடுவழியைக் கேட்டுப் பாருங்கள். அறைக்கு மட்டும் பில், சாப்பாட்டுக்கு நாளுக்கு 400 ரூபாய் நிலையான தொகை. ஓர் இரவுக்கு ஒரே ஒரு தாள்தான் வரும், கணக்குப் பிரிவுக்கும் எளிது. 300 ரூபாயில் சாப்பிட்டால் மிஞ்சும் 100 ரூபாய் உங்களுக்கு. தூக்கத்தில் கை வைக்காமல் மாதம் 1,300 ரூபாய் மிஞ்சும். எங்கள் நிறுவனத்தில் இதைத்தான் செய்கிறோம், சண்டை மிகவும் குறைந்துவிட்டது.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. அலுவல் பயணத்துக்காகத் தரும் படியில், உண்மையில் செலவான தொகைக்குத்தான் வருமான வரி விலக்கு. கையில் மிஞ்சும் தொகை சட்டப்படி சம்பளத்தில் சேரும். அந்த 8,000 ரூபாய் உங்கள் சம்பளம் என்று கரிசல்காட்டான் ஐயா சொன்னதைச் சட்டமும் அப்படியேதான் பார்க்கிறது.

ஜிஎஸ்டி விஷயத்தில் உங்கள் கை இப்போது கொஞ்சம் ஓங்கியிருக்கிறது. 2022 ஜூலை 18க்கு முன்னால் 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு வரியே இல்லை. அன்றிலிருந்து அவற்றுக்கும் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல், நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைகளுக்கு 5 சதவீதம் ஆகிவிட்டது. 1,400 ரூபாய் அறைக்கு முன்பு 168 ரூபாய் வரி, இப்போது 70. உச்சவரம்பு 1,400 என்பது வரிக்கு முன்பா, வரியோடு சேர்த்தா என்று கட்டாயம் கேளுங்கள். பல இடங்களில் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு ஊழியரின் கையிலிருந்து பிடிக்கிறார்கள்.

பில்லில் நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும்படி, அறை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் நிறுவனம் அந்த வரியைத் திரும்பப் பெற முடியும். மறுநாள் காலையில் கேட்டால் பில் அடித்தாகிவிட்டது என்பார்கள். மார்த்தாண்டம் வரை போகிற நீங்கள் சில சமயம் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்திலும் தங்க நேரலாம். அறை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வரிதான் விதிப்பார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்த வரி திரும்பக் கிடைக்காது. அதற்காக எல்லைக்கு இந்தப் பக்கம் வந்துதான் தங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், எழுபது ரூபாய்க்காகவா என்று கேளுங்கள்.

வைகைக்கரை, மதுரை

மூவருக்கும் மிக்க நன்றி. கரிசல்காட்டான் அண்ணாச்சி எழுதியதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். லாரி ஓட்டியவர் அவர். "தூங்காமல் ஓட்டியவன் கதை எனக்குத் தெரியும், மாறிவிடு" என்றார். தங்கையிடம் பணம் எங்கிருந்து வருகிறது என்று இதுவரை நான் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன். கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அவளே வங்கிக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்திருக்கிறாள்.

சொன்னபடி இந்த வாரம் நெல்லையில் செய்து பார்த்தேன். பாளையங்கோட்டையில் வரியோடு 1,050 ரூபாய். பின்பக்க அறை. விரிப்பைத் தூக்கி மெத்தையை அழுத்திப் பார்த்தேன். அறை காட்ட வந்த பையன் ஒரு மாதிரி பார்த்தான், பிறகு அவனே மின்விசிறியைப் போட்டுக் காட்டினான். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். பத்து மணிக்குப் படுத்தவன் ஆறு மணிக்குத்தான் எழுந்தேன். ஐகிரவுண்டுக்கு நடந்தே போனேன்.

மேலாளருக்கு எழுதிவிட்டேன். அறைக்குப் பில், சாப்பாட்டுக்கு நிலையான தொகை, திருவிழா நாட்களுக்குத் தனி அனுமதி, உச்சவரம்பு வரி நீங்கலாக, பெண் ஊழியர்கள் உட்பட எல்லோருக்கும் ஒரே வரம்பு. வளைந்த ஊசியின் விலையையும் எழுதினேன். சம்பள உயர்வை ஏப்ரலில் பேசலாம் என்றார். மற்றவற்றுக்கு இன்னும் பதில் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை தென்காசியில் வேலை. இரண்டு நாள் ஆகும். ஐயப்ப சீசன் கூட்டம். போன் செய்த இடத்திலெல்லாம் 1,800க்குக் குறையாமல் சொல்கிறார்கள். என்ன செய்யலாம் அண்ணாச்சி?

கரிசல்காட்டான், கோவில்பட்டி

தென்காசியில் தேடாதீர்கள். சங்கரன்கோவிலிலும் கூட்டம் இருக்கும். பாளையங்கோட்டையில் அதே பின்பக்க அறையை இரண்டு இரவுக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லி வையுங்கள். காலையில் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். கருவிப் பெட்டியை முதல் நாளே அந்த ஆய்வகத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புங்கள். காலையில் ஆறரை மணிக்கு முன்னால் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும்.